பேரீச்சம்பழ டப்பாவில் ஓர் ஆண்

சாரல் என்றால் ஊருக்கெல்லாம் குளிர்ச்சி, எனக்கு எரிச்சல். தென்காசியில் வாடகைக்கு வீடு பிடித்தது கல்லூரிக்குப் பக்கம் என்பதற்காக என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். குற்றாலத்துக்குப் பக்கம் என்பதற்காக என்று என் சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனி பிறந்து மேற்கே மலை மறைய ஆரம்பித்ததும் போன் அடிக்கும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. சீசன் ஆரம்பித்துவிட்டதா என்பதுதான் முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி என்று ஒன்று இருக்காது, நேரே ஆள் வந்து இறங்கிவிடும். காலையில் ஐந்தருவி, மதியம் என் வீட்டில் சாப்பாடு, சாயங்காலம் பழைய குற்றாலம், பிறகு மறுபடியும் என் வீடு. கொடி நிறைய ஈரத் துண்டு தொங்கும். மழைக்காலத்தில் எந்தத் துண்டு காயும்? ஒரு மாதத்துக்கு வீடே பூஞ்சை பிடித்து நாறும்.

சொந்தக்காரர்கள் வருவதைக் குறை சொல்லவில்லை. அவர்கள் வருகிற நேரத்தைத்தான் சொல்கிறேன். எனக்கு ஆண்டு முழுவதற்கும் முக்கியமான வாரங்கள் எவையோ அவற்றைப் பார்த்து வருகிறார்கள்.

நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். நடத்திய நேரம் போக மிச்ச நேரத்தில் சிலந்தி பார்க்கிறேன். சிலந்தி என்றதும் மூலையில் தொங்கும் ஒட்டடையைக் காட்டி இதுவா என்று கேட்காதவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. இது அது இல்லை. நான் பார்ப்பது தரைச் சிலந்தி. வலை கட்டாது. பகலெல்லாம் மட்டைக்கும் கல்லுக்கும் அடியில் பதுங்கிக் கிடந்து, இருட்டிய பின் தரையில் ஓடி ஓடி இரை பிடிக்கும். பார்க்க ஒரு பகட்டும் இல்லாத பழுப்பு நிறம். யாரிடமாவது ஆசையாகக் காட்டினால், இதற்கா இவ்வளவு பாடு என்பது போல என் முகத்தைப் பார்ப்பார்கள்.

வடகரைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்கார அண்ணாச்சி விழுந்த மட்டைகளை உடனே அள்ள மாட்டார். வயலைப் பார்த்த கடைசி வரிசையில் குவித்துப் போட்டிருப்பார். அடியில் இருக்கும் மட்டைகள் மக்கி மண்ணோடு மண்ணாகிக் கொண்டிருக்கும். அங்கேதான் அவளைப் பார்த்தேன். ஒரு மட்டையைப் புரட்டியதும் நெல்மணியை விடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று விருட்டென்று ஓடியது. பிடித்துக் குப்பியில் போட்டுக்கொண்டு வந்தேன். அன்றைக்கு எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. வழக்கமான ஒன்று என்றுதான் நினைத்தேன்.

தரைச் சிலந்தியைப் பின்பக்கம் பார்த்தே சொல்லிவிடலாம். நூல் வரும் குழல்கள் மற்ற சிலந்திகளுக்கு ஒன்றோடு ஒன்று ஒட்டிக் குவிந்திருக்கும். இதற்கோ முன்பக்கக் குழல்கள் இரண்டும் உருளையாக, ஒன்றை விட்டு ஒன்று தள்ளி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு கண்கள். எட்டுக் கண், இரண்டு வரிசை. பின்வரிசையில் நடுவில் உள்ள இரண்டு கண்களும் வட்டமாக இல்லாமல் கோணிக்கொண்டு, வெள்ளி பூசியது போல மின்னும். இதெல்லாம் சரியாக இருந்தது. கால்களில் உள்ள முட்களைப் பார்த்து, எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதையும் ஒரு வழியாகப் பிடித்துவிட்டேன். எந்த இனம் என்பதுதான் பிடிபடவில்லை.

சிலந்தியில் இனம் பார்ப்பது நிறத்தை வைத்தோ அளவை வைத்தோ அல்ல. வளர்ந்த பெண்ணின் வயிற்றுக்கு அடியில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதுதான் இனப்பெருக்க வாசல். இனத்துக்கு இனம் அதன் அமைப்பு வேறு. ஊசிமுனையால் அதைத் தனியாக எடுத்துக் கிராம்புத் தைலத்தில் ஊறப் போட்டால், சதையெல்லாம் கண்ணாடி போலத் தெளிந்து உள்ளே ஓடும் குழாய்கள் தெரியும். என் மேசையைத் தாண்டிப் போகிறவர்கள் பல்வலியா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். தகட்டின் நடுவில் உள்நாக்கு மாதிரி ஒரு மடிப்பு. அதன் இரு பக்கமும் குழாய், முறுக்கிப் பிழிந்த துணி போல, தன்மேலேயே சுற்றிக்கொண்டு போனது. எனக்குக் கிடைத்த எந்தப் படத்திலும் அப்படி ஒரு குழாய் இல்லை. மறுபடி தோப்புக்குப் போய், அடுத்தடுத்து இன்னும் சில பெண்களைப் பிடித்தேன். எல்லாவற்றிலும் அதே மடிப்பு, அதே முறுக்கு.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. புது இனம் என்றால் அதற்குப் பெயர் வைக்கும் உரிமை எனக்கு. வடகரை என்ற ஊர்ப்பெயரைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். இதில் பதவி உயர்வும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் வளர்ந்த சீமையில், யாரும் குனிந்து பார்க்காத மட்டைக்கு அடியில் கிடக்கும் ஒன்றை உலகம் முழுக்க ஒரே பெயரில் கூப்பிட வேண்டும், அந்தப் பெயரை நான் வைக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. சின்ன ஆசை என்று சொல்ல மாட்டேன், வெறியாகவே இருந்தது.

வடக்கே ஓர் ஊரில் இந்தக் கூட்டத்துச் சிலந்திகளில் ஊறிய நிபுணர் ஒருவர் இருக்கிறார். படங்களை அனுப்பினேன். எனக்கு நான்கு பக்கம் எழுத வந்தது, அவருக்கு ஒரு வரி போதுமாக இருந்தது. ஆண் எங்கே என்று கேட்டிருந்தார். எரிச்சலோடுதான் போன் செய்தேன். அவர் சொன்னதில் தப்பு இல்லை என்று தெரிந்ததும் எரிச்சல் கூடியது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், இதே கூட்டத்தில் ஓர் இனம் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. அதில் ஆண் மட்டும்தான் தெரியும், பெண்ணை யாரும் பார்த்ததில்லை. அப்படியென்றால் என் கையில் இருப்பவள் புது இனமா, அல்லது ஏற்கெனவே பெயர் வாங்கிவிட்ட ஒருவனின் பெண்டாட்டியா? இதை முடிவு செய்ய எனக்கு முழுதாக வளர்ந்த ஆண் ஒன்று வேண்டும். ஒன்றே ஒன்று போதும்.

ஆணின் அடையாளம் வாயின் இரு பக்கமும் இருக்கும் உணர்கால்களின் நுனியில் இருக்கிறது. இளம் ஆணுக்கு அந்த நுனி, கையுறை மாட்டிய முஷ்டி போல உப்பியிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. கடைசித் தோலை உரித்து வெளியே வந்த பிறகுதான் கொக்கியும் ஊசியும் வெளியே தெரியும். பெண்ணின் தகடு பூட்டு என்றால் அது சாவி. அந்தச் சாவியை வரைந்து, கேரளத்து ஆணின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரே பார்வையில் விஷயம் முடிந்துவிடும். ஆனால் வளர்ந்த ஆணுக்கு ஆயுசு கம்மி. தோல் உரித்ததும் இருந்த இடத்தை விட்டுப் பெண்ணைத் தேடிக் கிளம்புவான், சேர்ந்த பின் செத்துப்போவான். என் கணக்கில் இதெல்லாம் சாரல் வாரங்களுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. அதாவது சீசனில். அதாவது என் வீட்டில் மனிதர்கள் தலைக்கு மேல் தலையாக நிற்கும்போது.

முந்தைய சீசனில் ஓர் இளம் ஆண் கிடைத்தது. பத்திரமாகக் கல்லூரி ஆய்வகத்தில் வைத்தேன். தொடர்ந்து விடுமுறை வந்தது, வீட்டில் விருந்து வந்தது, நான் கறி நறுக்கிக்கொண்டிருந்தேன். திறந்து பார்த்தபோது எறும்பு தின்று கால்களை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. அந்தக் கால்களை வைத்து நான் யாருக்குப் பெயர் வைப்பது?

அதனால்தான் இந்த சீசனில் கிடைத்த இளம் ஆணை வீட்டுக்கே கொண்டு வந்தேன். வளைகுடாவில் வேலை பார்க்கும் என் கணவர் லீவுக்கு வரும்போது பேரீச்சம்பழம் கொண்டு வருவார். இந்த சீசனுக்கும் வந்திருந்தார். பழம் தீர்ந்த டப்பா ஒன்று தங்க நிறத்தில் இருந்தது. உள்ளே இருட்டாக இருக்கும், மூடி இறுக்கமாக நிற்கும். ஊசியால் மூடியில் துளை போட்டு, தென்னை மட்டைத் துண்டு ஒன்றும் ஈரப் பஞ்சும் வைத்து, அவனை உள்ளே விட்டேன். கறையான் பிடித்துப் போட்டேன், தின்றான். பிறகு ஒரு நாள் தின்பதை நிறுத்தினான். மட்டைத் துண்டுக்கு அடியில் நூலால் ஒரு சின்ன உறை பின்னி அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டான். தோல் உரிக்கப் போகிறான் என்று அர்த்தம். 

அன்றைக்குத்தான் என் கணவரின் தம்பி குடும்பமும் சென்னையிலிருந்து வேனில் வந்து இறங்கியது. கூடவே கடையநல்லூரிலிருந்து மதினி. என் கணவரின் அக்கா, விருந்து என்றால் அடுப்படியைக் கையில் எடுத்துக்கொண்டு விடுவார். என் படிப்பறையில் பாய் விரித்தார்கள். அங்கே அலமாரியில் பெண் சிலந்திகளை ஊறப் போட்டிருந்த குப்பிகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அதில் இருப்பது ஆல்கஹால் என்று தெரிந்த நாளிலிருந்து மதினி அந்த அலமாரிப் பக்கம் போவதே இல்லை. உள்ளே என்ன கிடக்கிறது என்று எட்டிப் பார்த்ததும் இல்லை. மற்றவர்களும் அப்படித்தான். டப்பாதான் தரையோரத்தில் இருந்தது. யாராவது காலில் தட்டிவிடுவார்கள் என்று அடுப்படி மேல் தட்டில், அரிசி டின்னுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன். வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதான் என்று நினைத்தேன். பேரீச்சம்பழ டப்பாவை அடுப்படியில் ஒளித்து வைத்த புத்திசாலி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மதினி அந்த சமயம் தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆண் சிலந்தி தேடுகிறேன் என்பதை என் கணவர் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்திருந்தார்.

"அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒரே சோலியாத்தான் அலையுதோம்" என்றார் மதினி. வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் டப்பாவுக்குள் இருக்கிறான் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆளாளுக்குத் திறந்து பார்ப்பார்கள் என்ற பயம்.

மறுநாள் காலை டப்பாவைத் திறந்து பார்த்தேன். உறைக்குள் அசையாமல் கிடந்தான். கல்லூரியில் சேர்க்கை வேலை, போகாமல் இருக்க முடியாது. மத்தியானத்துக்குள் வந்துவிடலாம் என்று போனேன். மனுக்களைச் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருந்தேனே தவிர, மனசு அரிசி டின்னுக்குப் பின்னால்தான் இருந்தது. கிளம்பலாம் என்று எழுந்திருக்கும்போதெல்லாம் யாராவது இன்னொரு மனுக்கட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். வீட்டுக்கு வரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது.

அருவியிலிருந்து எல்லோரும் திரும்பி, தலை துவட்டிக்கொண்டு சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். மதினி என்னைப் பார்த்ததும் ஒரு நல்ல செய்தியைச் சொல்வது போலச் சொன்னார்.

"சாயாவோட வைக்கலாம்னு பேரீச்சம்பழ டப்பாவ எடுத்தேம்மா. பழத்த யாரோ தின்னு தீத்துட்டாவ. உள்ள ரெண்டு சிலந்தி மாட்டிக்கிட்டு கெடக்குது. ஒண்ணு செத்துப்போச்சு, அதோட ஜோடி போல. உசுரோட இருந்தத நான் தோட்டத்துல கொண்டு விட்டுட்டேன். பாவம்லா."

எங்கள் வீடுகளில் சிலந்தியை அடிக்க மாட்டார்கள். குகைக்குள் இருந்த நபிகளைத் தேடி எதிரிகள் வந்தபோது, வாசலில் வலை பின்னிக் காப்பாற்றியது சிலந்தி என்று விவரம் தெரிவதற்கு முன்பே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். வேறு யார் வீட்டு விருந்தாளியாக இருந்தாலும் திறந்ததும் அலறி டப்பாவைக் கீழே போட்டு, துடைப்பத்தால் ஓர் அடி வைத்திருப்பார். செத்த ஆணாவது எனக்கு மிஞ்சியிருக்கும். செத்தாலும் சாவி சாவிதான். மதினி அதைக் காகிதத்தில் ஏந்தி, பிஸ்மி சொல்லி, முருங்கை மரத்தடியில் இறக்கிவிட்டிருக்கிறார். என் சிலந்தி வலையே கட்டாது என்பதை அப்போது யாரிடம் போய்ச் சொல்வது?

ஆனால் எனக்கு உறைத்தது வேறு வார்த்தை. உள்ளே நான் விட்டது ஒன்றைத்தான், இரண்டு எப்படி வந்தது? டப்பாவைப் பிடுங்கிப் பார்த்தேன். மட்டைத் துண்டின் ஓரத்தில், மதினி செத்த ஜோடி என்று சொன்னது கிடந்தது. எடுத்துப்போய் லென்ஸில் பார்த்தேன். அது சிலந்தி இல்லை. தோல். முதுகோடு டின் மூடி போலத் திறந்து கிடந்தது, அதில் எட்டுக் கண்களின் இடமும் தெரிந்தது. கால்கள் கழற்றிப் போட்ட காலுறை மாதிரி வெறுமையாக இருந்தன. உணர்கால்களின் நுனியில் அந்த முஷ்டி இரண்டும் பிளந்து, உள்ளே ஒன்றும் இல்லாமல் இருந்தன. அவன் வளர்ந்து முடித்துவிட்டான். நான் கல்லூரி மேசையில் மனுக்கட்டைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் சாவியை வெளியே எடுத்துவிட்டான். என் கையில் இருந்தது அந்தச் சாவியைப் போட்டு வைத்திருந்த வெறும் பை. அதில் வரைவதற்கு ஒன்றும் இல்லை.

 கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை, சாயா குடித்த எல்லோரும் டம்ளரைக் கீழே வைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. என் கணவர் வந்து, வேறு ஒன்று கிடைக்காமலா போய்விடும் என்றார். அவர் மட்டும் அந்த நேரத்தில் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

பிறகு வீடே முருங்கை மரத்தடியில் குனிந்தது. சாரலில் நனைந்துகொண்டே ஆண்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு செங்கல்லைப் புரட்டினார்கள். பெண்கள் பூந்தொட்டிகளை நகர்த்தினார்கள். கொழுந்தனார் ஒரு சம்படம் நிறையக் கொண்டு வந்து நீட்டினார். சுவரில் தாவும் சிலந்தி இருந்தது, குளியலறை மூலையில் தொங்கும் நீளக்கால் இருந்தது, ஒரு குட்டிக் கரப்பானும் இருந்தது. ஒவ்வொன்றையும் காட்டி இதுவா, இதுவா என்று கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். குளியலறைக்குள் போய் அழலாம் என்றால், அருவியில் குளித்தது போதாமல் அங்கே யாரோ வெந்நீரில் குளித்துக்கொண்டிருந்தார்கள். மதினி மட்டும் கடைசி வரை மரத்தடியை விட்டு எழுந்திருக்கவில்லை. முக்காடு நனைந்து தலையோடு ஒட்டியிருந்தது. அவர்மேல் கோபத்தை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, கீழே இறக்கவும் முடியவில்லை.

விருந்தாளிகள் போன அன்றே வடகரைக்கு வண்டியை விட்டேன். சாரல் இன்னும் மிச்சம் இருந்தது. மட்டைக் குவியலை முழுதாகப் புரட்டிவிடுவது, ஆண் கிடைக்காமல் திரும்புவதில்லை என்று போனேன். கடைசி வரிசையில் குவியலைக் காணவில்லை. தரை பெருக்கிவிட்டது போல இருந்தது, நடுவில் கறுப்பாகச் சாம்பல் மேடு. அண்ணாச்சி சிரித்துக்கொண்டே வந்தார். டீச்சர் ஆண்டுக்கணக்காக அந்தக் குப்பைக்குள் கையை விட்டுத் துழாவுவதைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லையாம்.

"உள்ள பாம்பு கெடக்கும்லா டீச்சர். அதான் நடுவுல மழ விட்டப்ப வெயில்ல காயப் போட்டு, நாலு ஆள விட்டு எரிச்சிட்டேன். இனிமே நீங்க பயப்படாம வரலாம்."

நன்றி அண்ணாச்சி என்றேன். வேறு என்ன சொல்வது? பக்கத்துத் தோப்புகளிலும் அச்சன்புதூர்ப் பக்கமும் தேடிப் பார்த்தேன். எல்லோரும் மட்டையை அவ்வப்போது அள்ளி அடுப்புக்குக் கொண்டுபோகிறவர்கள். வேறு சிலந்தி எவ்வளவோ கிடைத்தது. இது கிடைக்கவில்லை. அந்த இளம் ஆண் அண்ணாச்சி எரிப்பதற்கு முன் நான் கடைசியாகப் பிடித்தது என்பதை அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நிபுணருக்குத் தோலின் படத்தை அனுப்பினேன். வழக்கம்போல ஒரு வரி வந்தது. தோலை வைத்து இனம் சொல்ல முடியாது என்று. அது எனக்குத் தெரியாதா? கட்டுரை கணினியில் அப்படியே கிடக்கிறது. பெண்ணின் கண், குழல், தகடு, குழாய் என்று எல்லாப் படமும் வரைந்து முடித்தாகிவிட்டது. ஆணின் படம் வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். பெயரும் அப்படியே காத்துக்கொண்டிருக்கிறது.

அவன் என் வீட்டுத் தோட்டத்தில்தான் எங்கோ இருந்தான் என்று கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன். மட்டைகளைக் கொண்டுவந்து முருங்கை மரத்தடியில் குவித்தேன். வீட்டுச் சொந்தக்காரர் குப்பை சேர்க்கிறீர்கள் என்று முகம் சுளித்தார். காலையில் எழுந்ததும் மட்டையைப் புரட்டுவேன். சாரல் ஓய்ந்து, துண்டுகள் காய ஆரம்பித்து, வெயில் வந்த பிறகும் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு காலையில் மதினி போன் செய்தார். மகளுக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது என்று சொன்னார். மாப்பிள்ளை வீடு, வேலை, தேதி எல்லாம் சொல்லி முடித்தும் போனை வைக்கவில்லை.

"அது திரும்பி வந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"ஜோடி செத்துப்போச்சுல்லா. அதான் எங்கயோ போயிட்டு. பாவம், எங்கன போய் அலையுதோ."

அது ஜோடி இல்லை, அவன் கழற்றிய தோல் என்று விளக்கியிருக்கலாம். எனக்கு அலுப்பாக இருந்தது. கோபமும் இருந்தது, இத்தனை நாள் ஆகியும் அது போகவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அதோட ஜோடியெல்லாம் என்கிட்டதான் இருக்கு மதினி. என் அலமாரில."

 அந்தப் பக்கம் மதினி பெருமூச்சு விட்டது கேட்டது, நெடுநாள் கவலை தீர்ந்தவரைப் போல.

"அப்ப இத்தன நாளா எதுக்கும்மா உள்ள வச்சிருக்க? அதையும் அந்த மரத்தடிலயே விட்டுரு. தேடி வந்துரும்லா."